லூர்துமேரி கம்மென்று இருந்த ஒரு நிமிஷம்

பட்டினப்பாக்கத்தில் உட்கார்ந்து லூர்துமேரி வஞ்சிரத்துக்கு விலை சொன்னால், சாந்தோமில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அங்கிருந்தே பேரம் பேசலாம் என்பார்கள். இதில் கொஞ்சம் மிகை உண்டு. சாந்தோம் வரைக்கும் கேட்காது. பாதி வழி வரைக்கும் நிச்சயம் கேட்கும். இருபத்தெட்டு வருஷம் கடற்காற்றோடும் ஐஸ் லாரியோடும் பக்கத்துக் கடைக்காரிகளோடும் மல்லுக்கட்டி வளர்ந்த தொண்டை அது. சும்மா இருக்க அதற்குத் தெரியாது. தூக்கத்தில்கூட கூறு கட்டி விலை சொல்கிறாள் என்று அவள் புருஷன் வேதநாயகம் ஒருமுறை சொன்னான். அவன் அவ்வளவு நீளமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, ஹவுசிங் போர்டு பிளாக்கின் வாசலில் நின்று லூர்துமேரி குட்டியானை வண்டிக்காரனுக்குக் கயிறு கட்டச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வருஷக் கட்டடம். காரை உதிர்ந்து கம்பி தெரிய ஆரம்பித்துப் பல காலம் ஆயிற்று. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். பிளாக்கில் பாதிப்பேர் ஏற்கெனவே போய்விட்டார்கள். லூர்துமேரி குடும்பத்துக்கு ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் வாடகைக்கு வீடு கிடைத்திருந்தது. ஐந்து மணிக்கு அதிகாரி வருவார், அவர் கையில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

"யக்கா, கயிறு கட்டப் போறது நானா, நீயா?" என்றான் வண்டிக்காரன் கோதண்டபாணி. "பீரோவுக்குக் கீய மெத்தைய வெய்யின்னு சொன்னே, வெச்சேன். இப்ப மெத்தைக்குக் கீய பீரோவ வெய்யின்றே. நாலு மணிக்கு எனக்கு அடையார்ல இன்னொரு லோடு கீது."

"நீ மட்டும் ஒயுங்கா கட்டிக்கினு இருந்தா நான் ஏன் வாயத் தொறக்கறேன்? விட்டுது சனியன்னு நானே கெளம்பிக்கினு கீறேன். மய வந்தா சட்டிய வெச்சிக்கினு தூங்கணும். மாடிப்படில கால வெச்சா கால் நிக்குதோ படி நிக்குதோ தெரியாது. இது ஒரு வூடா?"

காலையிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லோரிடமும் அவள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த மூன்றாவது மாடி வீட்டுக்குத்தான் அவள் கல்யாணமாகி வந்தாள். ஆஷா அங்கேதான் பிறந்தாள். அழுகை வந்துவிடுமோ என்று பயமாக இருந்ததால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

வேதநாயகம் கடைசியாகக் குடத்தைக் கொண்டுவந்து வண்டியில் வைத்தான். அப்போதுதான் ஒரு பைக் வந்து நின்றது. பின்னாலிருந்து குதித்தவள் ஆஷா. ஓட்டி வந்தவன் சவுண்டுக்காரன் செம்பியன். கோட்டூர்புரத்துப் பையன். மைக் பையைக் கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு கட்டியிருந்தான்.

ஆஷா வண்டியைப் பார்த்தாள். அண்ணாந்து மூன்றாவது மாடியைப் பார்த்தாள். மறுபடி வண்டியைப் பார்த்தாள்.

"மா! எல்லாத்தியும் ஏத்திட்டியா?"

"ஏத்தாம? அயகு பாத்துக்கினு நிக்கவா? ரெண்டு நாளா ஆபீஸே கதின்னு கெடந்துட்டு, ஒரு சாமான் தூக்க வரல, இப்ப வந்து கேள்வி கேக்கறா."

"போன் எங்கமா? நாப்பது தபா அடிச்சேன்!"

"அரிசி டப்பாவுல கீது. ஒடையக் கூடாதுன்னு உள்ள வெச்சேன்."

ஆஷா தன் போனை எடுத்து ஒரு தடவை அடித்தாள். மெத்தைக்கும் பீரோவுக்கும் நடுவிலிருந்து, அரிசிக்குள் புதைந்த ஒரு முனகல் கேட்டது.

ஆஷாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தி.நகரில் ஒரு கல்யாண வீடியோ கடையில் ஐந்து வருஷமாக எடிட்டிங் வேலை. ஊரார் கல்யாணத்தையெல்லாம் வெட்டி ஒட்டி, யாருடைய சித்தப்பா எந்தப் பந்தியில் எத்தனை அப்பளம் சாப்பிட்டார் என்பது வரைக்கும் அறிந்தவள். சினிமா எடுக்க அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கோட்டூர்புரம் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து படித்தது பாதி, படப்பிடிப்பில் அடிபட்டுத் தெரிந்துகொண்டது பாதி. தயாரிப்பாளர் கிடையாது, ஸ்டூடியோ கிடையாது. சொந்த வீட்டில், சொந்த அம்மாவைக் கதாநாயகியாக வைத்துப் பத்தொன்பது நாளில் ஒன்றரை மணி நேரப் படத்தை எடுத்து முடித்திருந்தாள். செவ்வாய்க்கிழமைக்குள் ஒரு திரைப்பட விழாவுக்கு அனுப்ப வேண்டும். தவறினால் அடுத்த வருஷம்தான்.

அடிபட்டுப் படித்த பாடங்கள் நிறைய. ஃபிரிட்ஜ் ஓடினால் மைக்கில் உறுமும் என்று முதல் நாள் தெரிந்தது. அணைத்தார்கள். அணைத்ததைத் திரும்பப் போட மறந்ததால் மூன்று கிலோ இறால் நாறிப்போனது. மறுநாளிலிருந்து படப்பிடிப்பு முடிகிறவரை லூர்துமேரியின் சுருக்குப்பை ஃபிரிட்ஜுக்குள் இருந்தது. அது இல்லாமல் அவள் வாசல் தாண்ட மாட்டாள், அதனால் ஃபிரிட்ஜும் மறக்காது.

லூர்துமேரி நன்றாகவே நடித்தாள். நடிப்பு என்று அவள் நினைக்காததுதான் காரணம். ஆனால் அவளுக்குப் புருஷனாக நடித்த பாரத் அடையாறில் நாடகம் போடுகிற பையன், மீனை எப்படிப் பிடிப்பது என்று தெரியாதவன். சங்கரா மீனை அவன் வாலைப் பிடித்துத் தூக்குவான். வசனம் சொல்லிக்கொண்டே லூர்துமேரி நடுவில் அவனை ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து வசனத்தைத் தொடருவாள். முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. படம் முழுக்க அப்படி நாற்பத்து மூன்று இடம். ஒன்றைக்கூட அச்சில் போட முடியாது.

ஆஷா அந்த நாற்பத்து மூன்றையும் வெட்டி எடுத்தாள். எடுத்த இடத்தில் ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு காட்சியை அம்மாவுக்குப் போனில் போட்டுக் காட்டியபோது, லூர்துமேரி பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நல்லாதான் கீது. ஆனா நடுநடுவுல வூடு செத்துச் செத்துப் பொயைக்குது."

ஆஷா அன்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்ததில் அம்மா சொன்னது அப்பட்டமான உண்மை என்று தெரிந்தது. பேச்சு நிற்கிற இடத்தில் சத்தம் பள்ளத்தில் விழுகிறது. கல்யாணக் கடையின் மௌனத்தை எடுத்து அடைத்துப் பார்த்தாள். அதில் ஏசி இரைந்தது. சனிக்கிழமை காலையில் செம்பியனைக் கூப்பிட்டாள். அவன் ஒரே கேள்விதான் கேட்டான்: "ரூம் டோன் எடுத்துக்கலாம்னு சொன்னீங்களே, எடுத்தீங்களா?"

படப்பிடிப்பின் கடைசி நாளில் அவன் கேட்டிருந்தான். எல்லோரும் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தால் வீட்டின் வெறும் சத்தத்தைப் பதிந்து வைத்துக்கொள்ளலாம், பின்னால் தேவைப்படும் என்றான். அப்போது வீடு முழுக்க பிரியாணி தின்னும் ஜனம். ஆஷா சொன்னாள்: "நம்ம வூடுதானே செம்பியன். எங்க போவுது? எப்ப வேணா எடுத்துக்கலாம்."

இப்போது வீடு குட்டியானையில் ஏறி ராயப்பேட்டைக்குக் கிளம்பி நின்றது.

"வூடு எங்க போச்சி? தோ மேலதான கீது. போய் எடுத்துக்கினு வா, நாங்க நிக்கறோம்" என்றாள் லூர்துமேரி.

கோதண்டபாணியைத் தவிர எல்லோரும் மேலே ஏறினார்கள். காலியான அறையின் நடுவில் நின்று செம்பியன் ஒரு தடவை கை தட்டினான். சத்தம் நாலு சுவரிலும் முட்டி, கணகணவென்று ஒரு சுற்று சுற்றி வந்தது.

"கேட்டீங்களாம்மா? இது வேற ரூம்" என்றான். "கட்டில், மெத்தை, துணிமணி எல்லாம் சத்தத்தைக் குடிக்கும். படத்துல அதெல்லாம் இருந்துச்சு. இந்தச் சத்தத்தை எடுத்து அங்க ஒட்டினா, நீங்க பேசறது வீட்டுக்குள்ள, பேச்சை நிறுத்தினா கிணத்துக்குள்ளன்னு இருக்கும்."

"அதுக்கு?"

செம்பியன் ஆஷாவைப் பார்த்தான். ஆஷா தரையைப் பார்த்தாள்.

"மா… எல்லாத்தியும் மேல கொணாந்து, இருந்தா மாதிரி வெக்கணும்மா. ஒரு நிமிசம்தான்."

லூர்துமேரி பேசியதை இங்கே எழுதத் தேவையில்லை. நாற்பத்து மூன்று ஐம்பத்திரண்டு ஆனது என்று மட்டும் சொல்லலாம். கீழே நின்ற கோதண்டபாணிக்கு விஷயம் போய்ச் சேர ஆள் அனுப்ப வேண்டியிருக்கவில்லை.

"இன்னாது, எறக்கணுமா?" என்று அவன் படியேறி வந்துவிட்டான். "யம்மா டைரக்டரு, பதினஞ்சு வருசமா வண்டி ஓட்றேன். சாமான் ஏத்திக்கினு பொண்டாட்டி வர மாட்டேன்னு எறக்கினது கீது. வாஸ்து சரியில்லைன்னு எறக்கினது கீது. சத்தம் புடிக்கறதுக்கோசரம் எறக்கறத இன்னிக்கிதான் பாக்கறேன். மூணு மாடி! என் முதுகு இன்னா கவர்மெண்டு முதுகா?"

"அண்ணா, ஒரே நிமிசம்."

"ஏத்தறதுக்கு ரெண்டு மணி நேரம், எறக்கறதுக்கு ரெண்டு மணி நேரம், நடுவுல ஒரு நிமிசம்! இன்னா கணக்குமா இது?"

லூர்துமேரி மகளைப் பார்த்தாள். ஆஷா அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு போனில் அந்தக் காட்சியின் படத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். எது எங்கே இருந்தது என்று பார்க்க. இரண்டு நாள் தூங்காத கண். இரண்டு வருஷம் அந்தப் படத்துக்காக நாயாய் அலைந்த பெண். ஐந்து மணிக்குச் சாவியைக் கொடுத்துவிட்டால் அந்த அறையை இனி யாராலும் திரும்பத் தர முடியாது. திட்டிக்கொண்டிருந்த லூர்துமேரிக்கே அது உறைத்தது, அதனால் இன்னும் இரண்டு வார்த்தை அதிகமாகத் திட்டினாள்.

இதற்குள் படியில் தொம் தொம் என்று சத்தம். வேதநாயகம் மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தான். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மெத்தையைப் போட்டுவிட்டுக் கட்டிலுக்குப் போனான். அதற்குமேல் மற்றவர்கள் நிற்பது மரியாதையாக இல்லை. கோதண்டபாணி தன் முதுகுக்கு ஒரு ஆறுதல் சொல்லிவிட்டு பீரோவின் ஒரு பக்கத்தைப் பிடித்தான்.

ஒரு மணி நேரத்துக்குள் வீடு திரும்பி வந்தது. வேர்வையில் கோதண்டபாணியின் காக்கிச் சட்டை கறுப்பாகிவிட்டது. ஆஷா போனைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் இடம் சொன்னாள். லூர்துமேரி எதையும் பார்க்காமல் அவளைத் திருத்தினாள்.

"கட்டிலு செவுத்த ஒட்டி இல்ல. ஒரு கை தள்ளி. அங்க எலி பூந்துச்சில்ல, அப்ப இஸ்துப் போட்டது. மாதா படம் அந்த ஆணில. கொடிய இன்னும் கொஞ்சம் எறக்கு, எனக்கு எட்டாது. யோவ், உன் லுங்கி ரெண்டையும் கொடில போடு, படத்துல கெடந்துச்சி."

அப்போது வாசலில் ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. எதிர்வீட்டு முத்தம்மா. அவளும் லூர்துமேரியும் பேசி நாலு மாதம் ஆகிறது. படத்தில் எதிர்வீட்டுக்காரி வேஷம் உண்டு. அது நிஜ எதிர்வீட்டுக்காரிக்குக் கிடைக்கவில்லை, மயிலாப்பூரிலிருந்து வந்த வைதேகிக்குப் போனது. நானே எதிர்வீட்டில் இருக்கும்போது எதிர்வீட்டுக்கு வெளியூரிலிருந்து ஆள் எதற்கு என்று முத்தம்மா கேட்டாள். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினவள்தான்.

ஜன்னலைச் சாத்தினார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள். செம்பியன் மைக்கை நட்டு வைத்து, ஹெட்போனை மாட்டி, ஒரு விரலை உயர்த்தினான். லூர்துமேரி கட்டிலில், வேதநாயகம் தரையில், கோதண்டபாணி கதவோரம். அறை அடங்கியது. பதினெட்டு விநாடி.

"தம்பி, வெரல எறக்கிக்கோயேன், கை வலிக்கும்" என்றாள் லூர்துமேரி.

"மா!"

இரண்டாவது தடவை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். முப்பதாவது விநாடியில் கோதண்டபாணியின் சட்டைப்பையிலிருந்து லாரி பின்னால் வருகிற சத்தம் பீப் பீப் என்று கேட்டது. அதுதான் அவன் ரிங்டோன். அடையார் லோடுக்காரர். "சார், ஒரு வூட்ல மாட்டிக்கினேன் சார்" என்று அவன் சொல்லிக்கொண்டே மாடிப்படிக்கு ஓடினான்.

மூன்றாவது தடவை நாற்பதைத் தாண்டியது. அப்போது எதிர்வீட்டில் மிக்ஸி ஓடியது. நிறுத்தினார்கள். மிக்ஸியும் நின்றது. மறுபடி விரலைத் தூக்கினான், மறுபடி ஓடியது. முத்தம்மா கதவு இடுக்கு வழியாகச் செம்பியனின் விரலைப் பார்த்துத்தான் பொத்தானை அழுத்துகிறாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆஷா எழுந்தாள். லூர்துமேரி அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே போனாள். நாலு மாதத்துக்குப் பிறகு முத்தம்மாவின் வாசலில் நின்றாள்.

"முத்தம்மா."

"இன்னா."

"இன்னா அரைக்கறே?"

"நெத்திலி கொயம்புக்கு மசாலா. ஏன், அரைக்கக் கூடாதா? என் வூட்டு மிக்ஸிக்கு மயிலாப்பூர்ல இருந்து ஆள் வரணுமா?"

"தோ பாரு. நீ திங்கக்கெயம போய்டுவே, நான் இன்னிக்கி போய்டுவேன். அப்பறம் நீ யாரு வாசல்ல நின்னு கத்துவே, நான் யாரு வாசல்ல நின்னு கத்துவேன்? பொண்ணு ஒரு நிமிசம் கேக்கறா. கம்முனு இருக்கறதுக்கு இந்த பிளாக்லயே ஆள் இல்ல. நீ வந்து ஒக்காரு. உன் பேரு படத்துல வரும்."

முத்தம்மா மிக்ஸியிலிருந்து கையை எடுத்தாள். "எந்த சைசுல?"

பேரம் அரை நிமிஷத்தில் முடிந்தது. படத்தின் கடைசியில், வைதேகியின் பேர் எந்த அளவோ அதே அளவில், 'மௌனம்: முத்தம்மா' என்று போடுவதாக ஆஷா மாதா படத்தின் மேல் கைவைத்துச் சொன்னாள். முத்தம்மா தலையை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். சத்தம் மட்டும்தான் பதிகிறது என்று செம்பியன் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நாலாவது தடவை ஒரு நிமிஷமும் முழுதாகக் கிடைத்தது. லூர்துமேரி முந்தானையை வாய்க்குள் திணித்து வைத்திருந்தாள். எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். கோதண்டபாணி கயிற்றை எடுத்துவிட்டான். செம்பியன் மட்டும் எழுந்திருக்கவில்லை. படத்தின் ஒரு காட்சியைக் கேட்டான், இந்த நிமிஷத்தைக் கேட்டான், மறுபடி காட்சியைக் கேட்டான்.

"எதோ ஒண்ணு குறையுது. என்னன்னு சொல்லத் தெரியல."

"குட்றா அத்த" என்று லூர்துமேரி ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள். காட்சியைக் கேட்டாள். கண் மெதுவாக விரிந்தது.

"சொட்டு! கொயா சொட்டு எங்க?"

அடுப்படிக் குழாய் நாலு வருஷமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. லூர்துமேரி தினம் ஒரு தடவையாவது சொல்வாள். வேதநாயகம் தினமும் ஒரே பதில் சொல்வான்: "நாளைக்குப் பாக்கலாம்." படப்பிடிப்பின்போது அதை நிறுத்த வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று செம்பியனே விட்டிருந்தான். அதனால் படம் முழுக்க, பேச்சுக்கு அடியில், அது சொட்டிக்கொண்டே இருந்தது. இப்போது எல்லோரும் குழாயைப் பார்த்தார்கள். குழாய் துடைத்து வைத்ததுபோல் காய்ந்திருந்தது.

வேதநாயகம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "காத்தால கொயாவுக்கு ரப்பர் வாசர் மாத்துனேன்."

"இன்னாது?"

"புது வாசர் போட்டேன்."

"நாலு வருசம்!" லூர்துமேரியின் குரலில் மாதா படம் ஆடியது. "நாலு வருசமா தொண்டத் தண்ணி வத்தக் கத்தினேன்! இடிக்கப் போற வூட்டுக்கு, காலி பண்ற அன்னிக்கி, வாசர் போட்டியா? உனக்கு இன்னா பித்து புட்சிச்சா?"

"இத்தினி வருசம் இருந்த வூடு" என்றான் வேதநாயகம். "போறப்ப கொறை வெச்சிட்டுப் போவக் கூடாதுன்னு தோணிச்சி."

லூர்துமேரி போய்க் குழாயைத் தொட்டுப் பார்த்தாள். வேதநாயகம் விடியற்காலையில், எல்லோரும் தூங்கும்போது, இந்த வீட்டுக்குத் தன் பங்குக்கு ஒன்று செய்துவிட்டு வந்து படுத்திருக்கிறான். அந்த மனுஷனுக்கும் வீட்டை விட்டுப் போக மனமில்லை. அது தெரியாமல் காலையிலிருந்து அவனைக் கயிற்றுக்கும் பெட்டிக்கும் விரட்டிக்கொண்டிருந்தோமே என்று அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

"பழைய வாசர் எங்க நைனா?" என்றாள் ஆஷா மெல்ல.

வேதநாயகம் சட்டைப்பைக்குள் கைவிட்டு, தேய்ந்து நைந்த ஒரு கறுப்பு வளையத்தை எடுத்தான். அவன் எதையும் தூக்கிப் போடுகிறவன் இல்லை.

குழாயைக் கழற்றிப் பழையதை மாட்டினான். சொட்டவில்லை. ஒழுகியது.

"அவ்ளோ வராது. திருகு" என்றாள் லூர்துமேரி. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். "இன்னும் கொஞ்சம். ஐயோ, நின்னு பூட்ச்சி, லூசு பண்ணு. இல்ல, இது அவசரமா வியிது. நம்மளுது யோசிச்சி யோசிச்சி வியும். கீய பக்கெட்டு வெய்யி, நீலம் இல்ல, அந்த ஒடஞ்ச பச்ச. ஆங். தோ. இதான்."

செம்பியன் படத்தை ஒரு காதிலும் குழாயை ஒரு காதிலும் வைத்துப் பார்த்தான். "அம்மா, நீங்க சவுண்டுக்கு வந்துடுங்க. நான் மீன் விக்கப் போறேன்" என்றான்.

ஐந்தாவது தடவை விரல் உயர்ந்தது.

இந்தத் தடவை லூர்துமேரி முந்தானையைக் கடிக்கவில்லை. சொட்டு விழுகிறதா என்று கவனித்தாள். விழுந்தது. அதற்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் இருக்கும் இடத்தில் வேறு என்னென்னவோ கேட்க ஆரம்பித்தது. கடல். மூன்று தெரு தள்ளி அது எப்போதும் இருந்திருக்கிறது. அவள் பேச்சுக்கு மேலே எழுந்து வந்ததில்லை. ஜன்னல் கதவின் கொக்கி காற்றில் லேசாகத் தட்டியது. பீரோ தானாக ஒரு முறை முனகியது. வேதநாயகம் மூச்சு விட்டான். முதல் இரவில் இந்தக் கட்டிலில் படுத்து, பக்கத்தில் தெரியாத ஒரு ஆள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு விழித்திருந்தது ஞாபகம் வந்தது. அன்றைக்கும் அவள் பேசவில்லை. பயம். அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷத்தில் இன்றுதான் இந்த வீடு பேசி அவள் கேட்கிறாள். கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக இறங்கியது. மூக்கை உறிஞ்சினால் மைக்கில் பதியும் என்று தெரியும். உறிஞ்சவில்லை. வழிந்தால் வழியட்டும் என்று விட்டுவிட்டாள்.

"ஓகே. கட்" என்றான் செம்பியன். "கிடைச்சிடுச்சு."

கதவோரத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். எல்லோரும் திரும்பினார்கள். கோதண்டபாணி.

"இன்னா பாக்கறீங்க? தூசு" என்றான் அவன். "பீரோ தூக்கினது."

லூர்துமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தம்பி, இன்னொரு தபா எடு" என்றாள்.

"போதும்மா, நல்லா வந்திருக்கு."

"உனுக்குப் போதும். எடு."

செம்பியன் விரலைத் தூக்கினான். இரண்டாவது நிமிஷத்தையும் எல்லோரும் உட்கார்ந்து கேட்டார்கள்.

பிறகு முத்தம்மா நெத்திலிக் குழம்பும் சோறும் கொண்டுவந்தாள். தட்டுகள்தான் மேலேயே வந்துவிட்டனவே என்று அங்கேயே வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குழம்பில் புளி தூக்கல் என்று லூர்துமேரி சொன்னாள், அப்படித்தான் இருக்கும் என்று முத்தம்மா சொன்னாள். நாலு மாதச் சண்டை அத்தோடு தீர்ந்தது. கோதண்டபாணி மூன்றாவது தடவை சோறு வாங்கிக்கொண்டு, அடையார்க்காரரிடம் வண்டி பஞ்சர் என்று போனில் சொன்னான். எல்லோரும் கைகொடுத்துச் சாமானை மறுபடி வண்டியில் ஏற்றி முடித்தபின், ஐந்தரைக்கு அதிகாரி கையில் சாவி போனது. குழாய் சொட்டுவதை அவர் குறித்துக்கொண்டாரா என்பது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை, ராயப்பேட்டை. சந்தில் ஆட்டோ, மேல்வீட்டில் டிவி, பக்கத்தில் ஒரு பட்டறை. கடல் இருக்கிற திசையே தெரியவில்லை. ஆஷா மூலையில் லேப்டாப்போடு உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். "முப்பத்தொரு எடம் முடிஞ்சிச்சிமா" என்றாள், ஹெட்போன் மாட்டியவர்களுக்கே உரிய உரத்த குரலில்.

பூசைக்குப் போய்விட்டு வந்த வேதநாயகம் வாசலில் நின்றான். லூர்துமேரி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பேசாமல். அது அவனுக்குக் கலவரமாக இருந்தது. அவள் போன் அரிசி டப்பாமேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. திரையில் ஏதோ ஓடுவதுபோல ஒரு கோடு நகர்ந்தது. சத்தம் ஒன்றும் இல்லை.

"போனு ரிப்பேரா?" என்றான்.

"கம்முனு வந்து ஒக்காரு. வூடு ஓடிக்கினு கீது."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பட்டறைக்காரன் ஒரு நிமிஷம் டீ குடிக்கப் போயிருந்தான் போலிருக்கிறது. காதைப் போனருகே கொண்டுபோனான். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தூரத்தில் கடல். கொக்கி. பச்சை பக்கெட்டில் ஒரு சொட்டு. யோசித்து யோசித்து, இன்னொன்று.

"கேக்குதா?" என்றாள் லூர்துமேரி. "நாலு வருசமா சொல்லிக்கினே கீறேன்."

வேதநாயகம் இன்னும் ஒரு சொட்டு விழும்வரை காத்திருந்தான்.

"நாளைக்குப் பாக்கலாம்" என்றான்.